ஆண்டிபட்டி தொகுதி: இரண்டு முதல்வர்களை அனுப்பினோம், நமக்கு எம்.எல்.ஏ. இருந்தது எத்தனை காலம்?

வைகைக்கரை எழுதியது:

ஆண்டிபட்டியைப் பற்றி யார் எழுதினாலும் 'எம்.ஜி.ஆர். தொகுதி, ஜெயலலிதா தொகுதி' என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் யார் யார் நமக்கு எம்.எல்.ஏ.வாக இருந்தார்கள், அவர்களிடம் போய் ஒரு மனு கொடுக்க முடிந்ததா, தொகுதிக்கு ஆளே இல்லாமல் கிடந்த காலம் எவ்வளவு என்று யாரும் சேர்த்து வைத்துப் பேசியதாகத் தெரியவில்லை. இங்கே பேசலாம் என்று ஆரம்பிக்கிறேன்.

எனக்குத் தெரிந்த வரிசை இது. 1967 இல் திமுக கூட்டணியில் சுதந்திராக் கட்சி ஜெயித்த தொகுதி இது என்பது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. 1977 இல் அதிமுக. 1980 இல் நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரன், அவர் 1962 இலேயே பக்கத்துத் தேனியில் திமுக சார்பில் ஜெயித்தவர். 1984 இல் எம்.ஜி.ஆர். 1989 இல் திமுக ஆசையன், 1991 இல் அதிமுக தவசி, 1996 இல் மறுபடி ஆசையன். 2001 இல் தங்க தமிழ்ச்செல்வன், 2002 இடைத்தேர்தலிலும் 2006 இலும் ஜெயலலிதா, 2011, 2016 இரண்டிலும் மறுபடி தங்க தமிழ்ச்செல்வன். 2019 இடைத்தேர்தலிலும் 2021 இலும் திமுக மகாராஜன்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எம்.ஜி.ஆர். மூன்று வருடம், ஜெயலலிதா ஒன்பது வருடம், ஆக பன்னிரண்டு வருடம் மாநிலத் தலைவர்கள் நம்முடைய எம்.எல்.ஏ. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் நமக்குக் கிடைத்ததும் உண்டு, கிடைக்காமல் போனதும் உண்டு. இரண்டையும் பேசுவோம். கட்சிச் சண்டை வேண்டாம், தயவுசெய்து.

கணவாய்க்காரர் எழுதியது:

தம்பி, நல்ல காரியம் செய்தீர்கள். 1984 தேர்தலைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த அக்டோபரில் எம்.ஜி.ஆர். சென்னையில் நோயில் படுத்தார், நவம்பர் முதல் வாரத்தில் விமானத்தில் அமெரிக்கா கொண்டுபோனார்கள், புரூக்ளின் மருத்துவமனையில் இருந்துகொண்டே நம் தொகுதிக்கு வேட்புமனு போட்டார். டிசம்பர் 24 ஓட்டுப்பதிவு. வேட்பாளர் ஊருக்குள் ஒரு நாள்கூட வரவில்லை, வர முடியாது என்பது குழந்தைக்கும் தெரியும். அவர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் பேப்பர் படிப்பதையும் வீடியோ எடுத்து வந்து ஊர் ஊராகத் திரை கட்டிக் காட்டினார்கள். எங்கள் ஊர் மந்தையில் காட்டியபோது பெண்கள் அழுததை நான் பார்த்தேன். படம் முடிந்ததும் ஒரு கிழவி திரைக்குப் பக்கத்தில் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தது. அந்த ஓட்டு யாரோ சொல்லிப் போட்ட ஓட்டு இல்லை. அவர் பிழைத்து வரவேண்டும் என்று போட்ட ஓட்டு.

ஜெயித்தார், பிப்ரவரி 1985 இல் திரும்பி வந்து மறுபடி முதல்வராகப் பதவி ஏற்றார். பேசவே சிரமப்பட்ட மனிதரிடம் எங்கள் தெருவுக்குக் குழாய் போடுங்கள் என்று கேட்க எவனுக்கு மனசு வரும்? நாங்கள் கேட்கவில்லை. அதுவும் உண்மைதான்.

அப்புறம் நடந்ததை விட்டுவிட்டீர்களே. 1987 டிசம்பர் 24, ஓட்டுப் போட்ட அதே தேதியில் அவர் இறந்தார். ஜனவரி முடிவில் ஆட்சி கலைந்தது, ஒரு வருடம் கவர்னர் ஆட்சி. 1989 ஜனவரியில்தான் அடுத்த தேர்தல். ஆக பதின்மூன்று மாதம் எம்.எல்.ஏ. கிடையாது. அந்தத் தேர்தலில் ஜானகி அம்மாள் நம் தொகுதியில்தான் நின்றார். பக்கத்துப் போடியில் ஜெயலலிதா நின்றார். அதிமுக ஓட்டு இரண்டாகப் பிரிந்து இங்கே ஆசையன் ஜெயித்தார், போடியில் ஜெயலலிதா ஜெயித்தார். எம்.ஜி.ஆரை வராமலேயே ஜெயிக்கவைத்த ஊர், அவர் மனைவி நேரில் வந்து கேட்டும் தோற்கடித்தது. எங்கள் ஊர்க்காரன் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுவான் என்று சொல்கிறவர்கள் இந்த முடிவைப் பார்க்க வேண்டும்.

மதுரைவாசி எழுதியது:

வெளியூர்க்காரன் ஒரு வார்த்தை சொல்லலாமா? நட்சத்திரத் தொகுதி என்பதால்தான் உங்களுக்குப் பல விஷயம் கிடைத்தது. க.விலக்கில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி 2004 இல் ஆரம்பித்தது. அப்போது முதல்வரும் உங்கள் எம்.எல்.ஏ.வும் ஒரே ஆள். தேனி மாவட்டம் 1996 இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது, எட்டு வருடத்தில் மருத்துவக் கல்லூரி வந்த மாவட்டம் எத்தனை? அதுவரைக்கும் வருசநாட்டில் பாம்பு கடித்தாலும் பெரியாஸ்பத்திரிக்கு மதுரை வரவேண்டும். சாதாரண எம்.எல்.ஏ. ஒருவர் சட்டசபையில் எழுந்து நின்று கேட்டிருந்தால் இது வந்திருக்குமா என்று யோசியுங்கள்.

சக்கம்பட்டித்தறி எழுதியது:

மதுரைவாசி சொல்வது சரி. க.விலக்கு ஆஸ்பத்திரி இல்லையென்றால் எங்கள் வீட்டில் ஒரு உயிர் போயிருக்கும், அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் பெரிய கட்டடம் வருவது வேறு, அன்றாடப் பிரச்சினைக்கு ஆள் இருப்பது வேறு.

சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் தறிச்சத்தம்தான் சோறு. கூலி ஒப்பந்தம் முடியும் ஒவ்வொரு தடவையும் விசைத்தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு உட்காருவோம். உற்பத்தியாளர் ஒரு பக்கம், தொழிலாளி ஒரு பக்கம், நடுவில் தொழிலாளர் துறை அதிகாரி. பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போகும். ஒரு வாரம் தறி ஓடவில்லை என்றால் மளிகைக்கடையில் கடன், பள்ளிக்கூட ஃபீஸ் பாக்கி. அந்த நேரத்தில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்து, 'சரி, இதற்கு மேல் இழுக்காதீர்கள்' என்று சொல்ல ஒரு எம்.எல்.ஏ. உள்ளூரில் இருந்தால் நான்கு நாள் மிச்சம். முதல்வரைப் போய் நான் எங்கே பார்ப்பது? அவருக்குக் கீழே மாவட்டச் செயலாளர், அவருக்குக் கீழே ஒன்றியம், அவருக்குக் கீழே கிளை. மனு அந்தப் படியெல்லாம் ஏறிப் போவதற்குள் நாங்களே கூலியைக் குறைத்துக்கொண்டு தறியில் உட்கார்ந்திருப்போம்.

2006க்குப் பிறகு இன்னும் மோசம். ஜெயலலிதா 25,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார், எதிர்த்து நின்றவர் திமுக சீமான் (இப்போது நாம் தமிழர் நடத்துகிறவர் இல்லை, அவர் வேறு). ஆனால் ஆட்சி திமுகவுடையது. ஆளும் கட்சியும் இல்லை, உள்ளூர் ஆளும் இல்லை. அந்த ஐந்து வருடம் நாங்கள் பட்டது எங்களுக்குத் தெரியும்.

வைகைக்கரை எழுதியது:

2001–02 கதையையும் இங்கே பதிந்துவிடுகிறேன், ஏனென்றால் பிரதிநிதித்துவம் என்று பேசினால் அதுதான் மிக வினோதமான அத்தியாயம். 2001 இல் ஜெயலலிதா ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என்று நான்கு இடத்தில் மனு போட்டார், நான்கும் தள்ளுபடி. இங்கே மாற்று வேட்பாளராக இருந்த தங்க தமிழ்ச்செல்வன் நின்று ஜெயித்தார். எம்.எல்.ஏ. ஆகாமலேயே முதல்வரான ஜெயலலிதாவின் பதவி செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் போனது, பெரியகுளம் எம்.எல்.ஏ. ஓ. பன்னீர்செல்வம் முதல்வரானார். டிசம்பரில் டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தை வாங்கிய ஊழல் வழக்கில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்ததும் நம் எம்.எல்.ஏ. ராஜினாமா செய்தார். 2002 பிப்ரவரியில் இடைத்தேர்தல். திமுக வைகை சேகரை விட 41,201 ஓட்டு கூடுதல். மார்ச் 2 இல் மறுபடி முதல்வர்.

நாம் 2001 இல் ஐந்து வருடத்துக்கு என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு வருடம்கூட ஆகவில்லை, அவர் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அவருக்கு மாநிலங்களவை கிடைத்தது. ஓட்டுப் போட்டவனிடம் 'உன் எம்.எல்.ஏ.வை மாற்றலாமா' என்று யாரும் கேட்கவில்லை. இடைத்தேர்தலில் கேட்டார்களே என்பீர்கள். மந்திரிகள் அத்தனை பேரும் தெருத்தெருவாக நின்ற தேர்தல் அது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, சொல்லிவிட்டேன்.

கடமலைப்பெண் எழுதியது:

இந்த இழையில் இதுவரை ஆண்டிபட்டி ஊரைப் பற்றியேதான் பேசியிருக்கிறீர்கள். கடமலை–மயிலை ஒன்றியத்தில் இருந்து எழுதுகிறேன். தேனியிலிருந்து வருகிறவர்கள் க.விலக்கில் திரும்பி கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை தாண்டி வருசநாடு வந்து பாருங்கள். மூல வைகை எங்கள் மலையில்தான் பிறக்கிறது. அணை 1959 இல் கட்டினார்கள், அதுவும் நம் தொகுதியில்தான். 71 அடி அணை. ஆனால் அந்தத் தண்ணீர் போவது மதுரைக்கும் சிவகங்கைக்கும் ராமநாதபுரத்துக்கும். உசிலம்பட்டிக்காரர்கள் வருடக்கணக்கில் போராடி 58 கிராமக் கால்வாய் வாங்கினார்கள், 67 அடி இருந்தால்தான் அதிலும் தண்ணீர் ஏறும். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் தாகம்தான். ஆனால் ஆறு பிறக்கிற ஊரில் கோடையில் குடத்தோடு நிற்கிறோம் என்றால் யாராவது எங்களுக்காகக் கோட்டையில் கத்தியிருக்க வேண்டாமா?

வனத்துறைப் பிரச்சினை இன்னொன்று. மூன்று தலைமுறையாகக் கொட்டை முந்திரியும் இலவமரமும் வைத்துப் பிழைக்கிற குடும்பங்கள். 2021 இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவித்ததிலிருந்து பயம் இன்னும் கூடிவிட்டது. காடும் வேண்டும், புலியும் வேண்டும், அதோடு நாங்களும் வேண்டும். இதைப் பேச சட்டம் தெரிந்த, ஊர் தெரிந்த ஒரு ஆள் சட்டசபையில் வேண்டும்.

2017 முதல் 2019 வரை அந்த ஆளே இல்லை. அந்தச் சமயம் என் மாமியாருக்கு முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்றுவிட்டது. ஒரு அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். 'மேலே கேளுங்கள்' என்றார்கள். மேலே யார்? முன்பெல்லாம் எம்.எல்.ஏ. ஆபீஸில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் குறைந்தபட்சம் ஃபைலை எடுத்துப் பார்ப்பார்கள். அந்தக் கடிதம் கொடுக்கக்கூட ஆள் இல்லை. மாமியார் தொகை மறுபடி வருவதற்குள் இறந்துவிட்டார். அந்த வருடங்களை என்னால் வெறும் அரசியல் செய்தியாகப் பார்க்க முடியாது.

சட்டப்பக்கம் எழுதியது:

அக்கா, படித்தபோது மனசு கனத்துவிட்டது. அந்தக் காலத்தில் நடந்ததைத் தேதியோடு சொல்கிறேன், எல்லோருக்கும் உதவும். 2017 ஆகஸ்டில் தினகரன் பக்கம் போன எம்.எல்.ஏ.க்கள் முதல்வர் பழனிசாமிக்கு ஆதரவு இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பர் 18 இல் சபாநாயகர் தனபால் அதில் 18 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். தங்க தமிழ்ச்செல்வன் அதில் ஒருவர், பெரியகுளம் எம்.எல்.ஏ.வும் ஒருவர். தேனி மாவட்டத்தில் இருப்பதே நான்கு தொகுதி, அதில் இரண்டு காலி.

வழக்கு உயர் நீதிமன்றம் போனது, இடைத்தேர்தல் அறிவிக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு. 2018 ஜூன் 14 இல் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு. மூன்றாவது நீதிபதிக்குப் போய் அக்டோபர் 25 இல்தான் தகுதி நீக்கம் செல்லும் என்று முடிந்தது. இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18, எண்ணிக்கை மே 23. சட்டம் என்ன சொல்கிறது என்றால், காலியான இடத்தை ஆறு மாதத்தில் நிரப்ப வேண்டும். இங்கே இருபது மாதம் ஆனது. நீதிமன்றத்தைக் குறை சொல்ல முடியாது, தேர்தல் நடந்து புது எம்.எல்.ஏ. வந்த பிறகு பழையவர் ஜெயித்துவிட்டால் ஒரு தொகுதிக்கு இரண்டு பேர் ஆகிவிடும். ஆனால் இந்த மாதிரி வழக்குக்குக் காலக்கெடு இல்லாததுதான் சட்டத்தில் இருக்கிற ஓட்டை. அந்த இருபது மாதத்தின் விலையைக் கொடுத்தது 18 தொகுதி மக்கள்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். இரட்டைத் தீர்ப்பு வந்ததும் தங்க தமிழ்ச்செல்வன் தன் வழக்கை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார், தொகுதி மக்கள் எம்.எல்.ஏ. இல்லாமல் கஷ்டப்படுகிறார்கள் என்று காரணமும் சொன்னார். அந்த நிலைப்பாடு எனக்குப் பிடித்தது.

கணவாய்க்காரர் எழுதியது:

அவர் அப்படிச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆனால் கவர்னர் வீட்டுக்கு அவர் போனதும் எங்களைக் கேட்டுப் போகவில்லையே தம்பி. 2016 இல் முப்பதாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் அனுப்பிவைத்தோம். அந்த ஓட்டு இரட்டை இலைக்கும் அம்மாவுக்கும் போட்டது. அம்மா போன பிறகு யார் பக்கம் நிற்பது என்று முடிவு எடுக்கும்போது ஊரைக் கூட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மனிதரைத் தனிப்பட்ட முறையில் குறை சொல்லவில்லை. துக்க வீட்டுக்கு வருவார், காதுகுத்துக்கு வருவார், ஊருக்கு ஆள் தெரியும். பிறகு 2019 இல் தினகரனின் அமமுகவில் தேனி எம்.பி.க்கு நின்று தோற்று, திமுகவில் சேர்ந்து, 2021 இல் போடியில் பன்னீர்செல்வத்திடம் தோற்று, 2024 இல் தினகரனையே தோற்கடித்து எம்.பி. ஆனார்.

மதுரைவாசி எழுதியது:

2019 இடைத்தேர்தலைப் பேசினால் அந்தப் பணப் பிடிப்பையும் பேச வேண்டும். ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ராத்திரி, ஆண்டிபட்டியில் அமமுக அலுவலகம் இருந்த கட்டடத்தில் வருமான வரித்துறை சோதனை, தகராறு, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. 1.48 கோடி ரூபாய் கவர் கவராக, வார்டு எண் எழுதி, ஓட்டுக்கு 300 என்று குறித்து இருந்ததாக வருமான வரித்துறையே சொன்னது. அதே ஏப்ரல் 16 அன்று வேலூர் எம்.பி. தேர்தலைப் பணத்துக்காக ரத்து செய்தார்கள், ஆண்டிபட்டியை ரத்து செய்யவில்லை. இருபது மாதம் ஆள் இல்லாமல் தவித்த தொகுதிக்கு வந்து ஒரு ஓட்டுக்கு 300 ரூபாய் என்று விலை குறித்திருக்கிறார்கள் என்றால், எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

சக்கம்பட்டித்தறி எழுதியது:

கோபம் எங்களுக்கும்தான். ஆனால் முடிவைப் பாருங்கள். எம்.ஜி.ஆர். தொகுதி, அம்மா தொகுதி என்று எழுதிவைத்த இடத்தில் திமுக மகாராஜன் பன்னிரண்டாயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். எதிரே அதிமுகவில் நின்றவர் அவர் கூடப் பிறந்த தம்பி லோகிராஜன். 2021 லும் அதே அண்ணன், அதே தம்பி, அதே முடிவு, வித்தியாசம் மட்டும் எட்டாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது. டெல்லிச் சேனல்களுக்கு அண்ணன்–தம்பி கதைதான் தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்தது வேறு. இரண்டு பேரில் யார் ஜெயித்தாலும் வீடு எங்கே என்று தெரியும், காலையில் போனால் பார்க்கலாம். ஜெயலலிதா காலத்துக்குப் பிறகு ஊர்க்காரரைத்தான் நிறுத்த வேண்டும் என்று இரண்டு கட்சிக்கும் புரிந்துவிட்டது. அது எனக்குத் திருப்திதான்.

ரயிலைப் பற்றி யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். மதுரை–போடி மீட்டர் கேஜை 2010 முடிவில் நிறுத்தினார்கள், 2022 மே மாதம்தான் தேனி வரைக்கும் மறுபடி ரயில் வந்தது. பதினோரு வருடத்துக்கு மேல். அது மத்திய அரசு வேலை, எம்.எல்.ஏ. மீது போடமாட்டேன்.

மேகமலைச்சாரல் எழுதியது:

எல்லையைப் பற்றியும் பேசுங்கள். 2008 மறுசீரமைப்பில் தேனி தொகுதியே இல்லாமல் போய், பெரியகுளம் தனித் தொகுதியாகி, எல்லாம் கலைந்து மாறியது. எங்கள் ஹைவேவிஸ் பேரூராட்சியும் ஓடைப்பட்டிப் பக்கமும் ஆண்டிபட்டிக்குள் இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் ஒட்டித்தான் தெரியும். நடுவில் இருப்பது மலை. நான் எம்.எல்.ஏ.வைப் பார்க்க வேண்டும் என்றால் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி சின்னமனூர் போய், அங்கிருந்து தேனி போய், அப்புறம் ஆண்டிபட்டி போக வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு. வழியில் கம்பம் தொகுதி ஆபீஸ் பக்கம், ஆனால் நாங்கள் அவர்கள் கணக்கில் இல்லை. ஓடைப்பட்டித் திராட்சைக்காரனுக்கும் சக்கம்பட்டித் தறிக்காரருக்கும் எங்கள் தோட்டத் தொழிலாளிக்கும் ஒரே ஆள் பேச வேண்டும். நல்ல ஆள் வந்தாலும் ஓட்டு எண்ணிக்கை குறைவாக இருக்கிற மலைக்கு அவர் வருவது கடைசியில்தான். அடுத்த மறுசீரமைப்பில் யாராவது பேருந்து போகிற பாதையைப் பார்த்துவிட்டுக் கோடு போடுங்கள் என்று கேட்க ஆசை.

வைகைக்கரை எழுதியது:

மேகமலைச்சாரல் சொன்னதை நான் யோசித்ததே இல்லை, நன்றி. கணவாய்க்காரர் அண்ணன் சொன்ன 1988 பதின்மூன்று மாதம், 2002 இடைத்தேர்தலுக்கு முந்தைய சில வாரம், 2017–19 இருபது மாதம். கூட்டினால் கிட்டத்தட்ட மூன்று வருடம் தொகுதிக்கு ஆளே இல்லை. 1988 இல் மாநிலத்துக்கே இல்லை, அது தனி. மற்ற இரண்டும் மேலே நடந்த சண்டைக்கு நாம் கொடுத்தது.

கடமலைப்பெண் எழுதியது:

பேசியாயிற்று, இனி ஒரு வேலை செய்யலாமா? அந்த இருபது மாதத்தில் ஆண்டிபட்டியின் தொகுதி மேம்பாட்டு நிதி என்ன ஆனது, யார் பரிந்துரைத்து எந்த ஊராட்சியில் என்ன வேலை நடந்தது, செலவழியாத பணம் திரும்பிப் போனதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் கேட்டால் கிடைக்கும் என்று நினைக்கிறேன். சட்டப்பக்கம் தம்பி, மனு வாசகம் எழுதித் தர முடியுமா?

சட்டப்பக்கம் எழுதியது:

எழுதித் தருகிறேன் அக்கா. 2017 செப்டம்பர் முதல் 2019 மே வரை, மாதவாரியாக, ஒன்றியவாரியாகக் கேட்போம். பெரியகுளத்துக்கும் சேர்த்தே கேட்டால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வாசகத்தை இங்கே போடுகிறேன், ஹைவேவிஸ், ஓடைப்பட்டிக்காரர்கள் உங்கள் பேரூராட்சிப் பெயரைச் சரியாக எழுதி அனுப்புங்கள்.